வெள்ளிக்கிழமைக் கிராப்பு

பழைய படுக்கை விரிப்பைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டு, ஹாப்ஸ் கத்தரிக்கோலை வெறுங்காற்றில் இரண்டு தடவை வெட்டிப் பார்த்தார். அது அவர் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டதும் ஆபத்சகாயத்தின் தலை தானாகக் குனிந்துவிடும். இன்றும் குனிந்தது. தலைக்கு என்ன தெரியும், பாவம். அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. மூன்றுக்கு மேல் மூன்றரைக்குள் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அவனை ஒரே இடத்தில் வைத்திருங்கள், பின்கதவைத் தாழ் போடாதீர்கள், அவ்வளவுதான் என்று டெலிபோனில் ஒரு குரல் பொறுமையாகச் சொன்னது. ஒன்றும் செய்யாமல் இருப்பதில் ஆபத்சகாயத்துக்கு முப்பத்தொரு வருஷத்து அனுபவம் உண்டு. அதனால் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தான். விரிப்புக்குள்ளே இரண்டு கைகளும் முழங்கால்மேல் கிடந்தன. கடையில் வாங்கி மறந்து வைத்துவிட்ட சாமான் மாதிரி கிடந்தன. விரலை அசைத்துப் பார்த்தான். அசைந்தது. அசைந்தது தெரிந்ததே ஒழிய, அசைத்தது தான்தான் என்று தோன்றவில்லை. பயப்பட வேண்டிய நேரம் இது, பயம் எங்கே போயிற்று என்று தேடினான். வயிற்றில் இல்லை, தொண்டையில் இல்லை. அடுப்பில் ஹாப்ஸ் ஏற்றி வைத்திருந்த பெரிய பாத்திரத்துத் தண்ணீர் இன்னும் சத்தமில்லாமல் இருந்தது. அவன் குளிக்கத்தான் அந்தத் தண்ணீர்.

அவனுக்கு இந்த ஊரில் பெயர் சாம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெட்டியும் படுக்கையுமாக வந்து நின்றபோது, வீட்டுக்காரி மிஸஸ் கெஸ்லர் ஆபத்சகாயம் என்பதை மூன்று தடவை முயன்று பார்த்தாள். மூச்சு வாங்கியது. கடைசியில் வாயில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு சாம் என்று முடித்துவிட்டாள். ஓஹையோவில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு விவசாயக் காலேஜ், அதில் மண் பரிசோதனை படிக்க ஒரு சர்க்கார் உபகாரச் சம்பளம். மாயவரத்தில் உயர்நிலைப் பள்ளி வாத்தியாராக இருந்தவன் மண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கப்பலேறி இவ்வளவு தூரம் வந்ததே ஒரு வேடிக்கை. வந்த இரண்டாவது மாதம் முடி காதை மூடியது. கடைத்தெருவில் முதல் சலூனில் நுழைந்தான். நாற்காலியில் இருந்தவர்களும் நின்றவர்களும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். நீ தப்பான கடைக்கு வந்துவிட்டாய் என்றான் ஒருவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இரண்டாவது சலூன்காரர் மரியாதை தெரிந்தவர். "உங்க முடிக்கு ஏத்த கத்தரி எங்ககிட்ட இல்லைங்க" என்றார். அவன் முடி அவர்கள் எல்லோருடைய முடியையும்விட மெலிசு. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தான். அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த ஹாப்ஸ், கீழ்த்தளத்து அறையில் குடியிருப்பவர், பால் பண்ணையில் வேலை பார்ப்பவர், தடித்த கண்ணாடியும் வழுக்கையுமாக ஐம்பது வயது மனுஷர், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். எங்கே போனாய், என்ன சொன்னார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டுட்டு சமையக்கட்டுக்கு வா, நான் வெட்டி விடறேன்" என்றார். அவர் பேசுவது என்னவோ இங்கிலீஷ்தான். ஆனால் கொஞ்ச நாளிலேயே அது ஆபத்சகாயத்தின் காதில் மாயவரத்துத் தமிழாக வந்து விழ ஆரம்பித்துவிட்டது. வேறு யார் பேசினாலும் அப்படி விழவில்லை.

தலையை இடப்பக்கம் சாய்த்தார் ஹாப்ஸ். விரல் நுனியால், கன்னத்தில் லேசாக. இந்த மாதிரி விரல் நுனியால்தான் ஊரில் வைத்தியும் சாய்ப்பான். வைத்தி கொல்லைப்புறமாகத்தான் வருவான். கிணற்றடியில் பலகையைப் போட்டுக் குந்துவான். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, அப்புறம் அவனுக்கு. வெட்டி முடித்ததும் அம்மா எட்ட நின்று தண்ணீரைத் தலையில் ஊற்றுவாள். குளித்துவிட்டுத்தான் வாசற்படி. வைத்திக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஆபத்சகாயத்துக்குத் தெரியாது. அவன் வீடு எந்தத் தெரு என்று தெரியாது. முப்பது வருஷம் தலையைக் கொடுத்த மனுஷனைப் பற்றி அவன் கை குளிர்ச்சியாக இருக்கும் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. இந்தச் சமையல்கட்டில் முதல் தடவை வெட்டி முடிந்ததும் ஆபத்சகாயம் பழக்க தோஷத்தில் நேரே குளியலறைக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். நவம்பர் மாதம். பல் கிட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஹாப்ஸ் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டார். எங்கள் வழக்கம் என்றான். வழக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பான். அவர் கேட்கவில்லை. "நல்லதுதான், அரிப்புப் போயிடும்" என்றார். மிஸஸ் கெஸ்லர் வீட்டில் வெந்நீர்க் குழாய் சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும். அடுத்த தடவையிலிருந்து ஹாப்ஸ் கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீர் ஏற்றி வைத்துவிடுவார். அதை அவன் தையல்நாயகிக்கு எழுதினான். கலியாணமாகி மூன்று வருஷத்தில் பாதிக் காலம் காகிதத்திலேயே குடித்தனம் நடத்தும் மனைவி. போட்டோவைப் பார்த்துவிட்டு, கிராப்பு அழகாக இருக்கிறது, அங்கே யார் வெட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாள். ஒரு நல்ல மனுஷர் என்று எழுதினான்.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் பால் பண்ணைக் காலண்டர். 1953, மார்ச். அதில் செவ்வாய், வெள்ளிக் கட்டங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி. ஹாப்ஸ் போட்டது. செவ்வாய் வெள்ளியில் நாங்கள் முடி வெட்டிக்கொள்வதில்லை என்று ஒரு நாள் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை, காலண்டர் முன்னால் போய் நின்று மாதம் முழுக்கக் குறி போட்டார். அமாவாசைக்கும் கேட்டுப் போட்டார். மாதம் மாறினால் மறக்காமல் மறுபடி போடுவார். வரும் திங்கள், பதினாறாம் தேதி, ஒரு வட்டம். அதுதான் வெட்டுவதற்கு முறைப்படி வந்த நாள். இன்று பதிமூன்று. இன்றைய கட்டத்தில் பெருக்கல் குறி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆபத்சகாயம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பார்க்காமல் இருக்க வேறு இடமும் இல்லை. டெலிபோனில் பேசியவர்கள் எந்த நேரம் தோது என்று கேட்டபோது, வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரி மாதா கோயில் தையல் கூட்டத்துக்குப் போய்விடுவாள், ஹாப்ஸ் முதல் ஷிப்ட் முடிந்து வந்துவிடுவார், முடி வெட்டச் சொல்லி உட்கார வைக்கிறேன் என்று கடகடவென்று அவனே சொன்னான். முடி வெட்டும் யோசனையை யாரும் அவனிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பது அந்த நேரத்தில் வெறும் கிழமையாக இருந்தது. இன்று மத்தியானம் கேட்கும்போதுதான் நாக்கில் இடறியது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை ஆச்சே, சாம்."

"நாளைக்கு விசாவுக்குப் போட்டோ எடுக்கணும். அதனால பரவாயில்லை."

ஹாப்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அல்லது பார்த்த மாதிரி இருந்தது. தடித்த கண்ணாடிக்குள் கண் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். "பரவாயில்லைன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றான் ஆபத்சகாயம். நம்பிவிட்டார் என்று நினைத்தான். நம்பிவிட்டார் என்று இப்போதும் நினைத்துக்கொண்டிருந்தான். கத்தரி காதோரம் வந்து நிதானமாக வெட்டியது. வழக்கம்போல அவர் மூக்கால் ஏதோ ஒரு மெட்டை முனகவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். மணி இரண்டு ஐம்பது.

மச்சம். எல்லாம் மச்சத்தில் வந்த வினை. மாயவரம் பள்ளியில் அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதும் வேலையை ஹெட்மாஸ்டர் அவன் தலையில் கட்டினார். ஆறு வருஷம் எழுதினான். ஒவ்வொரு தலைக்கும் இரண்டு அடையாளம். வலது முழங்கையில் ஒரு கறுப்பு மச்சம். இடது புருவத்தின் மேல் காயத் தழும்பு. வரிசையில் நிற்க வைத்து, காலரை விலக்கி, சட்டைக் கையை மடித்து, தேடித் தேடி எழுதினான். முகம் பார்க்க நேரம் இருக்காது. முகம் வருஷத்துக்கு ஒரு தரம் மாறும், மச்சம் மாறாது என்று ஹெட்மாஸ்டர் சொல்வார். அந்த ஆறு வருஷத்துக்கு அப்புறம் யாரைப் பார்த்தாலும் முகத்தைத் தாண்டிக் கண் போய்விடும். கலியாணத்தன்று தையல்நாயகியின் மணிக்கட்டு மச்சத்தைத்தான் முதலில் பார்த்தான். இங்கே தபாலாபீசில் ஏர்மெயில் தாள் வாங்க வரிசையில் நிற்கும் இடத்தில், சுவரில் ஒரு பெரிய கிளிப்பில் கொத்தாகத் தொங்கும் காகிதங்கள். தேடப்படுபவர்கள். ஒவ்வொன்றிலும் நேராக ஒரு முகம், பக்கவாட்டில் ஒரு முகம், கீழே விரல் ரேகைகள். ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்கும்போது அதைப் புரட்டுவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள், இவன் நம் மளிகைக்கடைக்காரன் மாதிரி இல்லை என்று சிரித்துவிட்டு விடுவார்கள். ஆபத்சகாயம் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தான். தழும்புகளும் அடையாளங்களும் என்று தனியாக ஒரு வரி இருந்தது. தன் கையெழுத்தையே அச்சில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். வலது கட்டை விரலின் அடியில் பிறை வடிவத் தழும்பு. இடது காது மடலுக்குக் கீழே மச்சம். தொழில்: சமையல், முடி திருத்துதல். பெயர் லெனார்ட் ப்ரூவிட். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வேறொரு மாநிலத்தில் ஒரு பாங்கில் கொள்ளை, காவல்காரர் சுடப்பட்டு இறந்தார், ஜெயிலிலிருந்து தப்பினான். மேலே போட்டோவில் ஒல்லியான, அடர்ந்த முடிக்காரன் ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். ஹாப்ஸுக்கும் அவனுக்கும் ஸ்நானப் பிராப்தி இல்லை. ஆனால் இரண்டு அடையாளமும் பொருந்தின. இரண்டு பொருந்தினால் போதும் என்பது விதி. முதலில் வந்தது பயம் இல்லை, சரியான விடைக்கு டிக் போடும்போது கையில் வருமே ஒரு லேசான சுகம், அதுதான் வந்தது. அந்தச் சுகத்தை நினைத்துத்தான் அப்புறம் மூன்று வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

"தலையைக் குனி."

குனிந்தான். பிடரியில் கத்தரி. கலியமூர்த்தியும் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கலியமூர்த்தியை ஏன் இப்போது நினைக்க வேண்டும். நினைக்காமல் இருக்க முடிந்தால்தானே. மாயவரத்தில் அவன் கண்காணிப்பாளனாக இருந்த தனித்தேர்வுக்கு வந்திருந்த ஆள், வயது முப்பத்தைந்து இருக்கும், கஞ்சி போட்ட சட்டை. ஹால் டிக்கெட்டில் வலது முழங்கையில் மச்சம் என்று இருந்தது. சட்டைக் கையை மடியுங்கள் என்றான் ஆபத்சகாயம். "வேண்டாம் சார், பாக்காதீங்க" என்று பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத குரலில் சொன்னார் அவர். மைத்துனனுக்காகப் பரீட்சை எழுத வந்த ஒரு வாத்தியார் அவர், திருவெண்காட்டுப் பக்கம். அது அப்புறம் தெரிந்தது. மடியுங்கள் என்று மறுபடி சொன்னான். அவர் எதிர்த்துப் பேசவில்லை, எழுந்து ஓடவில்லை. ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. அங்கே மச்சம் இல்லை என்று அவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரிந்துவிட்டது, இருந்தும் மடித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அவர் வேலை போயிற்று. இரண்டு வருஷம் கழித்து மாயவரம் ரயிலடியில் பார்த்தபோது கலியமூர்த்திதான் முதலில் வணக்கம் சொன்னார். நல்லா இருக்கீங்களா சார் என்று விசாரித்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. வணக்கத்தை வாங்கிக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை என்றுதான் ஆபத்சகாயத்துக்குப் படும்.

இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான். பதினோரு வருஷம் முந்திய கதை, வேறு ஊர், வேறு முகம், நமக்கென்ன என்று இரண்டு வாரம் ஓட்டினான். போன வெள்ளிக்கிழமை மாலை ரேடியோ அதைக் கெடுத்தது. மிஸஸ் கெஸ்லருக்கு அந்த நிகழ்ச்சி உயிர். தேடப்படுகிறவர்களைப் பற்றி ஒரு கனத்த குரல் வாசிக்கும், நடுவில் துப்பாக்கி வெடிக்கும், சோப்பு விளம்பரம் வரும். கடைசியில் அந்தக் குரல், இவன் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம், உங்கள் மேஜையில் சாப்பிடலாம் என்று தாழ்ந்து சொல்லும். அப்போது அவள் தோளைச் சிலிர்த்துக்கொண்டு கதவு பூட்டியிருக்கிறதா என்று ஹாப்ஸைப் பார்த்துவரச் சொல்வாள். அவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அன்று குரல் லெனார்ட் ப்ரூவிட் என்றது. காவல்காரருக்கு ஒரு மனைவி, இரண்டு பெண்கள் என்றது. கட்டை விரல், காது மடல் இரண்டையும் சொன்னது. ஹாப்ஸ் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை. கட்டை விரலால் தோலைக் கீறி, பட்டாணியைக் கிண்ணத்தில் தள்ளி, அடுத்ததை எடுத்தார். மிஸஸ் கெஸ்லர் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே, எங்கே ஒளிந்திருக்கிறானோ படுபாவி என்றாள். திங்கட்கிழமை காலேஜ் வாசல் டெலிபோன் கூண்டிலிருந்து, தபாலாபீஸ் காகிதத்தில் கண்ட நம்பருக்கு ஆபத்சகாயம் பேசினான். எதற்காக? அந்த விதவைக்காக என்று சொல்லிப் பார்த்தான், ஒட்டவில்லை. இறந்த மனுஷரின் பெயரைக்கூட அவன் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. விசாவுக்காக என்று சொல்லிப் பார்த்தான். கொலைகாரனைத் தெரிந்தே மறைத்தவன் என்று நாளைக்கு ஒரு காகிதத்தில் ஏறினால் அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள், பட்டம் இல்லாமல் மாயவரம் ரயிலடியில் இறங்க வேண்டும். இது கொஞ்சம் ஒட்டியது. ஆனால் கூண்டுக்குள் நின்று அடையாளங்களைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லையே, புத்தகத்தில் எழுதுகிற மாதிரி வரிசையாக, தெளிவாக வந்ததே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? அங்கே போய் நினைப்பு முட்டிக்கொண்டு நின்றுவிடும். திரும்ப விதவையிலிருந்து ஆரம்பிப்பான்.

மூன்று மணி. மடியில் விழுகிற முடி இன்று அதிகமாக இருந்தது. ஆபத்சகாயம் அதைக் கவனித்தான். வழக்கமாகக் காதுக்கு மேலே இரண்டு விரல் விட்டு வெட்டுவார். இன்று விரலே வைக்கவில்லை. தலையில் காற்றுப் படுகிறது. ஏன் இவ்வளவு ஒட்ட வெட்டுகிறார். போட்டோவுக்கு என்று சொன்னேன் அல்லவா, அதற்காக இருக்கும். போட்டோவுக்கு யாராவது மொட்டை மாதிரி வெட்டுவார்களா. அவசரத்தில் வெட்டுகிறாரா, இல்லை, கை நிதானமாகத்தான் இருக்கிறது, என்றைக்கும்விட நிதானமாக. தெருவில் ஒரு கார் வந்து நின்றது. கத்தரியும் நின்றது. கதவு சாத்தும் சத்தம், பாட்டில்கள் உரசும் சத்தம். எதிர் வீட்டுக்குப் பால் வண்டி. கத்தரி மறுபடி ஓடியது. இப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பின்கதவு தாழ் போடவில்லை. கொல்லை வழியாக ஓடினால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் சோளக்காடு, பனி உருகி மண் ஈரமாக இருக்கும், களிமண், காலை வாரும், ஆனாலும் போகலாம். ஹாப்ஸ், போய்விடுங்கள். நான்கு வார்த்தைகூட இல்லை. உதட்டைப் பிரித்தான். உள்ளே நாக்கு இருந்தது, இருந்த இடத்திலேயே இருந்தது. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய வாய் மாதிரி. சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் பார்த்தான். இரண்டு பக்கத்திலும் தான் இருப்பதாகத் தெரியவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் முனக ஆரம்பித்திருந்தது. உதட்டை மூடிக்கொண்டான்.

"ஆட்டாதே. கத்தி வெக்கப் போறேன்."

சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தம், நான்கு இழுப்பு. சோப்பு நுரை பிடரியில் வெதுவெதுப்பாகப் பட்டது. ஹாப்ஸின் இடது கை அவன் உச்சந்தலையைப் பிடித்துக் குனிய வைத்தது. குனிந்த கழுத்தில் கத்தி இறங்கியது. இப்போதாவது பயம் வரவேண்டும். கொலை செய்த கை, கழுத்தில் கத்தி, நாம் செய்திருக்கும் காரியம். மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தான். குளிர்ந்த இரும்பு ஒரு கோடாக வலப்பக்கம் இறங்கிற்று, துடைப்புச் சத்தம், மறுபடி ஒரு கோடு. வைத்தியின் கை குளிர்ச்சியாக இருக்கும். இவர் கை சூடு. கட்டை விரலின் அடி காதோரமாக உரசும்போது அந்தத் தழும்பு கொஞ்சம் மேடாகத் தட்டுப்படும். பதினாறு மாதமாகத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தது, அடையாளமாகத் தட்டுப்பட்டது மூன்று வாரமாகத்தான். வெட்டிவிடட்டுமே என்று ஒரு எண்ணம் வந்தது. ஆசையாகக்கூட வரவில்லை, தூக்கம் வருவது மாதிரி வந்தது. வெட்டவில்லை. ஒரு இடத்தில்கூடக் கீறவில்லை. ஈரத் துணியால் பிடரியைத் துடைத்தார். பவுடர் போட்டார். கைக்கண்ணாடியை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்தார். மணி மூன்று பன்னிரண்டு.

கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. காது இரண்டும் விடைத்துக்கொண்டு, ஜெயிலில் வெட்டிவிட்ட கிராப்பு மாதிரி. அதற்குப் பின்னால் ஹாப்ஸின் இடது காது, அதன் கீழே மச்சம். அதற்கும் பின்னால் பின்கதவுக் கண்ணாடியில் ஒரு தொப்பி. ஹாப்ஸும் அதே கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றான் ஆபத்சகாயம். அன்றைக்கு அவன் குரல் அப்போதுதான் உடைந்தது.

ஹாப்ஸ் சவரக்கத்தியை மடித்து மேஜையில் வைத்தார். கத்தரியை மூடி அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு அடி பின்னால் போய், கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் கதவு திறந்தது. கறுப்புக் கோட்டு போட்ட இருவர் பின்பக்கமாகவும் ஒருவர் முன்பக்கமாகவும் வந்தார்கள். ஒருவரும் கத்தவில்லை. லெனார்ட் ப்ரூவிட் என்று ஒருவர் கேட்க, ஆமாம் என்றார் ஹாப்ஸ். இந்தப் பால் பாட்டில் யாருடையது என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருந்தது. மூத்தவராகத் தெரிந்தவர் அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பி, கட்டை விரலின் அடியைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அதையும் பார்த்தார். காதையும் பார்த்தார். ஆபத்சகாயம் அந்த மனுஷரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிக் போடும் அந்தச் சுகம் அங்கே ஒரு நொடி வந்து போயிற்று. விலங்கு மாட்டினார்கள். கோட்டை எடுத்து ஹாப்ஸின் தோளில் போட்டார்கள். வாசல்வரை போனவர் அங்கே நின்றார். பிடித்திருந்தவர்களும் நின்றார்கள்.

"வெள்ளிக்கிழமை வெட்டுன்னு நீ கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, சாம்."

கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்வது மாதிரிச் சொன்னார்.

"ஒட்ட வெட்டியிருக்கேன். ஜூன் வரைக்கும் தாங்கும்."

போய்விட்டார்கள். ஒரு கார் கிளம்பும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மூத்தவர் மட்டும் திரும்பி வந்து, நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அடையாளம் காட்டியவர் என்ற இடத்தில், என்று காகிதத்தை நீட்டினார். விரிப்புக்குள் கை எங்கே இருக்கிறது என்று அவன் தேடுவதைப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் இரண்டரை மணியிலிருந்து ஹாப்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. கொல்லைக் கதவு திறந்திருந்தது. ரயில் பாதை இருந்தது, சோளக்காடு இருந்தது, நாற்பது நிமிஷம் இருந்தது. அவர் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார், விரிப்பை உதறிக் கட்டினார், இந்த ஊரில் இனி இவனுக்கு யார் வெட்டுவார்கள் என்று யோசித்து அதற்குத் தக்கபடி வெட்டினார். அழுகை வரும் என்று ஆபத்சகாயம் காத்திருந்தான். வரவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்து வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. எழுந்து அணைக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போய்க் குளிக்க வேண்டும். விரிப்பின் முடிச்சு பின்னால் இருந்தது, வழக்கமாக அதை அவர்தான் அவிழ்ப்பார். கையை மெல்ல வெளியே எடுத்துத் தலையைத் தடவிப் பார்த்தான். ஒட்டத்தான் வெட்டியிருந்தார். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தது.